உக்காத கழிவும் உறங்காத ஊரும்

வீட்டு வளவின் ஒரு மூலையிற் குப்பைக்கிடங்கு ஒன்றைத் தோண்டி வைத்தல் தமிழ்க் கிராமத்து வழக்கம். முற்றத்துச் சருகும் அடுப்படிச் சாம்பலும் மாட்டுக் கொட்டிற் சாணமும் அதிற் சேரும். ஒரு மாரி பெய்து ஓய்ந்தபின் அவை உக்கி எருவாகித் தோட்டத்துக்குப் போகும். கழிவு சிறிது காலம் கண்ணுக்கு மறைவாகக் கிடந்தாற் போதும், மண் அதனைத் தன்வயமாக்கிக்கொள்ளும் என்ற நம்பிக்கை உலகத்துக் குடியானவர் அனைவர்க்கும் பொதுவானது. அந்த நம்பிக்கையைப் பொய்ப்பிக்கும் கழிவொன்று இருபதாம் நூற்றாண்டிலே தோன்றியது. அணு உலையிற் பயன்பட்டு முடிந்த எரிபொருளே அது. அது உக்குவதில்லை. உக்கும் என்று சொல்வதாயின், அதற்கு வேண்டிய மாரிகளை எண்ணுதற்கு மனித வரலாறு முழுவதும் போதாது.

கதிர்த்தொழிற்பாடுடைய மூலகம் ஒவ்வொன்றுக்கும் அரைவாழ்வுக் காலம் என ஒன்றுண்டு. அதன் அணுக்களிற் பாதி சிதைந்து வேறொன்றாக மாறுதற்கு எடுக்கும் காலம் அது. அணு உலைக் கழிவிலுள்ள சீசியம் 137 இன் அரைவாழ்வு ஏறத்தாழ 30 ஆண்டுகள். ஒரு மனிதனின் வாழ்நாளுக்குள் அடங்கிவிடும். புளுத்தோனியம் 239 இன் அரைவாழ்வோ 24,000 ஆண்டுகளுக்கு மேற்பட்டது. அயடீன் 129 இன் அரைவாழ்வு ஒரு கோடியே ஐம்பது இலட்சம் ஆண்டுகளையும் தாண்டி நிற்கின்றது. இக்கழிவைப் புதைக்கும் இடம் பத்து இலட்சம் ஆண்டுகளுக்குப் பாதுகாப்பானதாய் இருத்தல் வேண்டும் என ஜேர்மன் நாட்டுச் சட்டம் விதிக்கின்றது. தமிழில் எழுத்தாக எஞ்சியுள்ள மிகப் பழைய கல்வெட்டுக்கும் இன்றைக்கும் இடைப்பட்ட காலம் ஈராயிரத்துச் சொச்சம் ஆண்டுகளே. பத்து இலட்சம் ஆண்டுகளுக்கு உறுதிமுறி எழுதிக் கொடுக்கும் ஆற்றல் எந்த அரசுக்கு உண்டு? அவ்வுறுதியை யார் பேரில் யார் ஏற்றுக்கொள்வது? இவ்வினாக்களை முதலிற் கேட்டு, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஓயாது கேட்டுக்கொண்டிருந்த பெருமை ஒரு சிறிய ஊரைச் சார்ந்தது. அதன் பெயர் கோர்லேபன்.

புதையலைப் பூதம் காத்திருக்கும் என்று பாட்டிமார் கதை சொல்வதுண்டு. அணுக்கழிவைப் பொறுத்தவரை புதைக்கப்படுவதே பூதம். அதனைக் காத்திருக்க வேண்டியது பாறை. நிலத்தின் மேற்பரப்பிலே காவலர் மாறுவர், ஆட்சி மாறும், போர் வரும், நகரம் அழியும். ஆதலால் மனிதர் காவலை நம்பாது, பல நூறு மீற்றர் ஆழத்திலே அசைவற்ற பாறைக்குள் கழிவை வைத்து மூடிவிடுதலே தக்கது என்ற கருத்து 1950 களிலிருந்தே விஞ்ஞானிகளிடையே வலுப்பெற்று வந்தது. கருங்கல், களிமண், பாறையுப்பு என்பன அதற்கேற்ற ஊடகங்களாகப் பேசப்பட்டன. வட ஜேர்மனியின் நிலத்தின்கீழ் உப்பு ஏராளம். உப்பு வெப்பத்தை நன்கு கடத்தும். அமுக்கத்தினால் மெல்லமெல்ல இளகி நகர்ந்து, தனக்குள் வைத்த பொருளை இறுகத் தழுவிக்கொள்ளும். கோடிக்கணக்கான ஆண்டுகள் உப்பு அவ்விடத்தில் நிலைத்திருப்பதே அங்கு நீர் புகவில்லை என்பதற்குச் சான்று என்றும் வாதிக்கப்பட்டது. உப்புக்கு ஒரேயொரு பகைவன் உண்டு. அது நீர். பின்னாளில் எழுந்த வாதங்கள் யாவும் இந்த ஒரு சொல்லையே சுற்றி வந்தன.

ஜேர்மனி இரண்டாகப் பிரிந்திருந்த காலத்தில், மேற்கு ஜேர்மனியின் வடகிழக்கு ஓரத்தில், கிழக்கு ஜேர்மனியின் நிலத்துக்குள் ஒரு மூக்குப்போல நீண்டு கிடந்தது லூக்கோ - டனென்பேர்க் என்னும் மாவட்டம். மூன்று புறமும் முட்கம்பி எல்லை. வடக்கே எல்பே நதி. உருளைக்கிழங்கும் தானியமும் விளையும் வயல்கள், பைன் மரக் காடுகள், வட்ட வடிவில் வீடுகள் அமைந்த பழைய கிராமங்கள். குடித்தொகை மிகக் குறைவு. பெருந்தொழில் எதுவும் இல்லை. வென்ட்லாண்ட் என இப்பிரதேசம் வழங்கப்படுவதற்குக் காரணம் முற்காலத்தில் அங்கு வாழ்ந்த வென்ட் எனப்படும் சிலாவிய மக்கள். அவர்கள் பேசிய மொழி பதினெட்டாம் நூற்றாண்டிலே வழக்கொழிந்தது. வுஸ்ட்ரோ என்னும் ஊரிலே பாதிரியாராக இருந்த கிறிஸ்தியான் ஹெனிக், அது அழிந்துகொண்டிருப்பதைக் கண்டு அதன் சொற்களைத் தொகுத்து வைத்தார். அத்தொகுப்பும் வேறு சில ஏடுகளும் இல்லையேல் அம்மொழி இருந்தமையே மறந்துபோயிருக்கும். இச்செய்தி பின்னர் வேண்டப்படும்.

1977 ஆம் ஆண்டு பெப்ருவரி 22 ஆம் திகதி, கீழ்ச் சாக்சனி மாநில முதல்வர் ஏர்ண்ஸ்ட் அல்பிரெக்ட் ஓர் அறிவித்தலை விடுத்தார். பயன்பட்ட எரிபொருளைப் பிரித்தெடுக்கும் ஆலை, களஞ்சியம், அவற்றின் கீழே உப்புப் பாறையில் இறுதிப் புதைகுழி ஆகிய அனைத்தையும் கொண்ட பெருநிலையம் கோர்லேபனில் அமையும் என்பதே அது. மத்திய அரசின் சார்பில் முன்னர் ஆராயப்பட்ட மூன்று இடங்களுள் கோர்லேபன் இருக்கவில்லை. எல்லைக்கு அருகே குடிகள் குறைந்த வறிய மாவட்டம் என்பதும், கிழக்கு ஜேர்மனி தனது கழிவுக்களஞ்சியத்தை எல்லையோரத்து மோர்ஸ்லேபனில் அமைத்திருந்தமையும் தெரிவுக்குப் பின்னணியாய் இருந்தன எனப் பிற்காலத்தில் அத்துறை சார்ந்தோரே கூறினர். தங்கள் நிலத்தின் கீழே என்ன வரப்போகின்றது என்பதை ஊரார் செய்தியாகவே அறிந்துகொண்டனர். அவர்களிடம் எவரும் கேட்கவில்லை. நாற்பதாண்டுப் பிணக்கின் விதை அந்தக் கேளாமையில் உள்ளது.

நிலத்தை வாங்குவதற்கு அணுத்தொழிற்றுறையினர் முன்வந்தனர். 1975 ஆம் ஆண்டுப் பெருந்தீயிலே காடுகளை இழந்திருந்தோர்க்கு அவர்கள் கொடுத்த விலை பெரியது. பலர் விற்றனர். அப்பகுதியின் பெரிய காட்டுச் சொந்தக்காரரான அந்திரேயாஸ் பேர்ன்ஸ்டோர்ப் பிரபு விற்க மறுத்தார். தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த காட்டை அடுத்த தலைமுறைக்குக் கையளிக்கும் பொறுப்பே தமக்குரியது என்பது அவர் நிலை. கார்ட்டோ ஊர்த் திருச்சபையும் தன் நிலத்தை விட்டுக்கொடுக்கவில்லை. அப்பகுதியிலே பழைய சட்ட வழக்கின்படி நிலத்தின் கீழுள்ள உப்பும் நிலத்துக்குரியவருக்கே சொந்தம். இதனால், பின்னாளிற் சுரங்கம் தோண்டியவர்கள் பிரபுவின் உப்பையும் திருச்சபையின் உப்பையும் தொடாது விலகிச் செல்ல நேர்ந்தது. உப்புக் குவிமாடம் 14 கிலோமீற்றர் வரை நீண்டது. அதன் ஒரு பகுதியை மாத்திரமே அவர்களால் உள்ளிருந்து காண முடிந்தது. பழமை பேணும் ஒரு பிரபுவும் இடதுசாரி மாணவரும் உருளைக்கிழங்குக் கமக்காரரும் ஒரே அணியில் நிற்கும் விந்தையை வென்ட்லாண்ட் கண்டது.

எதிர்ப்பு முதலில் அச்சத்திற் பிறந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அச்சத்தோடு அது நின்றுவிடவில்லை என்பதே இவ்வூரின் சிறப்பு. மாவட்டத்துப் பிரசைகள் முன்னணியின் கூட்டங்களிலே கமக்காரரும் ஆசிரியரும் இல்லத்தரசிகளும் மருந்தாளரும் இரவிரவாக இருந்து அறிக்கைகளைப் படித்தனர். துளைக்கிணறுகளின் படங்களை வாசிக்கக் கற்றனர். புவிச்சரிதவியலாளரை அழைத்து வினாவினர். அம்முன்னணியின் தலைமையில் நெடுங்காலம் நின்றவர் மரியானே பிறிற்சன். ஆயுதம் தரித்த பொலிஸார் வரிசையாக நிற்க, அவர்கள் முன்னே உருவத்திற் சிறிய அப்பெண்மணி தனித்து நிற்கும் 1979 ஆம் ஆண்டுப் புகைப்படம் அந்நாட்டு மக்கள் பலரின் நினைவில் உள்ளது. அவர் 2016 இல் காலமானார். ஊரின் வெற்றியைக் காண அவருக்கு நான்காண்டு குறைந்துவிட்டது.

1979 ஆம் ஆண்டு மார்ச் இறுதி வாரத்திலே நூற்றுக்கணக்கான உழவு இயந்திரங்கள் வென்ட்லாண்டிலிருந்து மாநிலத் தலைநகர் ஹனோவரை நோக்கி ஊர்வலமாகப் புறப்பட்டன. “அல்பிரெக்ட், நாங்கள் வருகிறோம்” என்று ஊர்ப்பேச்சு வழக்கில் எழுதிய பதாகைகள் அவற்றிலே தொங்கின. வழியூர்களில் மக்கள் சூப்பும் பாணும் கொடுத்து வரவேற்றனர். அதே வேளையில் ஹனோவரில் மாநில அரசு கூட்டிய விஞ்ஞானிகள் மாநாடு நடைபெற்றுக்கொண்டிருந்தது. பல நாட்டு அறிஞர்கள் திட்டத்துக்குச் சார்பாகவும் எதிராகவும் வாதிட, பெளதிகவியலாளரும் தத்துவஞானியுமாகிய கார்ல் பிறீட்றிக் வொன் வைற்செக்கர் தலைமை வகித்தார். மாநாடு தொடங்கிய மார்ச் 28 ஆம் திகதியே அமெரிக்காவின் திறீ மைல் ஐலண்ட் உலையில் விபத்து நேர்ந்தது. மார்ச் 31 ஆம் திகதி உழவு இயந்திரங்கள் நகரை அடைந்தபோது ஏறத்தாழ ஓர் இலட்சம் மக்கள் அங்கு கூடியிருந்தனர். மே 16 ஆம் திகதி அல்பிரெக்ட் தமது முடிவை அறிவித்தார். பிரித்தெடுக்கும் ஆலையைப் பாதுகாப்பாக அமைத்தல் கொள்கையளவில் இயலும். ஆயினும் அரசியல் ரீதியில் அதனை நிறைவேற்ற முடியாது என்றார். ஆலை கைவிடப்பட்டது. உப்புக் குவிமாடத்தை ஆராயும் பணி கைவிடப்படவில்லை.

ஆதலால் 1980 மே 3 ஆம் திகதி, 1004 ஆம் இலக்கத் துளையிடும் தளத்திலே ஆயிரக்கணக்கானோர் புகுந்து குடிசைகளை அமைத்தனர். தமது குடிசையூருக்குச் ‘சுதந்திர வென்ட்லாண்ட் குடியரசு’ எனப் பெயரிட்டனர். கடவுச்சீட்டும் வழங்கினர், வானொலியும் நடத்தினர். இளமைக்குரிய விளையாட்டுக் குணம் அதில் இருந்தது உண்மை. ஆனால் அயற்கிராமத்துக் கமக்காரர் விறகும் உணவும் கொண்டுவந்து கொடுத்ததை விளையாட்டு என்று தள்ள முடியாது. 33 நாள்களின் பின், யூன் 4 ஆம் திகதி, பல்லாயிரம் பொலிஸார் வந்து நிலத்தில் அமர்ந்திருந்தோரைத் தூக்கி அகற்றிக் குடிசைகளை இடித்தனர்.

போராட்டம் கண்ணுக்குத் தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாத வேறொன்று அலுவலக மேசைகளிலே நிகழ்ந்துகொண்டிருந்தது. குவிமாடத்தின் மேலுள்ள படைகளை ஆராயும் பொறுப்பு கீல் பல்கலைக்கழகப் புவிச்சரிதவியலாளர் கிளவ்ஸ் டுவ்போர்ன் என்பாருக்கு அளிக்கப்பட்டிருந்தது. பனியுகமொன்றில் உருகிய நீர் ஆழமான வாய்க்காலொன்றை அரித்துச் சென்றிருப்பதையும், அது காப்பாக இருந்த களிமண் படையை ஊடறுத்து உப்பின் உச்சிவரை எட்டியிருப்பதையும் ஆய்வுகள் காட்டின. உப்பின் பகைவனாகிய நீர் முன்னரே ஒரு முறை வாசல்வரை வந்து போயிருக்கின்றது என்பதே இதன் பொருள். மேலேயுள்ள படைகள் போதிய காப்பளிக்கா. வேறு இடங்களையும் ஆராய வேண்டும் என அவர் எடுத்துரைத்தார். ஆய்வுக்குப் பொறுப்பான மத்திய நிறுவனத்தின் 1983 ஆம் ஆண்டு அறிக்கையின் வரைவிலும் பிற இடங்களை ஆராயும் பரிந்துரை இருந்தது. அமைச்சுக்களின் பிரதிநிதிகளோடு நடந்த சந்திப்பின் பின் வெளிவந்த இறுதி வடிவிலே அது இடம்பெறவில்லை. அவ்வாண்டு யூலையில் மத்திய அமைச்சரவை சுரங்கம் தோண்டுதற்கு அனுமதி வழங்கியது. 1986 இல் அகழ்வு தொடங்கியது. இரு பெருந்துளைகள் 800 மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்துக்கு இறங்கின. 1987 மே மாதம் துளையொன்றினுள் நேர்ந்த விபத்திலே தொழிலாளர் ஒருவர் உயிரிழந்தார்.

ஊராரின் ஐயம் வெறும் ஐயமன்று என்பதற்கு அதே மாநிலத்தில் வேறோர் சாட்சி இருந்தது. வோல்பன்பியூற்றல் நகருக்கு அருகிலுள்ள அஸ்ஸே என்ற பழைய உப்புச் சுரங்கத்தில் 1967 முதல் 1978 வரை ஏறக்குறைய 126,000 பீப்பாய்க் கழிவு இறக்கப்பட்டது. கோர்லேபனுக்குத் திட்டமிடப்பட்ட கடுங்கதிர்க் கழிவு அன்று அது. குறைந்த, நடுத்தரக் கதிர்த்தொழிற்பாடுடையது. எனினும் அங்கேயும் உப்பு காக்கும் என்றே உறுதி கூறப்பட்டது. 1988 முதல் அச்சுரங்கத்தினுள் உப்புநீர் வடிந்துகொண்டிருக்கின்றது. நாளொன்றுக்குப் பன்னீராயிரம் லீற்றர் அளவுக்கு அது சேர்ந்து வந்தது. புதைத்த அனைத்தையும் மீண்டும் வெளியே எடுக்க வேண்டும் என 2013 ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. பத்து இலட்சம் ஆண்டுக் கணக்குப் பேசிய இடத்தில் முப்பதாண்டு செல்லுமுன் நீர் வந்துவிட்டது. இதனைக் கண்ட வென்ட்லாண்ட் கமக்காரர், இனி நிபுணர் சொல்லும் வாக்கை எங்ஙனம் நம்புவது என்று கேட்டதில் வியப்பில்லை.

1995 ஏப்ரிலில் போராட்டம் புதிய வடிவம் பெற்றது. புதைகுழி ஆயத்தமாகாவிடினும், அதன் அயலிலே நிலத்தின் மேல் ஒரு களஞ்சிய மண்டபம் 1980 களிலேயே கட்டி முடிக்கப்பட்டிருந்தது. ஊரார் அதற்கு இட்ட பெயர் ‘உருளைக்கிழங்குக் கொட்டகை’. அம்மண்டபத்துக்குக் ‘காஸ்டோர்’ எனப்படும், நூறு தொன்னுக்கு மேற்பட்ட நிறையுடைய உருக்குக் கொள்கலன்கள் வரத் தொடங்கின. முதலில் உள்நாட்டு உலையிலிருந்தும், பின்னர் பெரும்பாலும் பிரான்சின் லா ஹேக் ஆலையிற் கண்ணாடியுடன் கலந்து உறைய வைக்கப்பட்ட வடிவிலும் கழிவு வந்தது. புகையிரதத்தில் டனென்பேர்க் வரை. அங்கிருந்து வீதியால் ஏறத்தாழ 20 கிலோமீற்றர். அந்த இருபது கிலோமீற்றரே ஆண்டுதோறும் ஒரு நாட்டின் மனச்சாட்சியைச் சோதிக்கும் களமாயிற்று. வீட்டு வாசல்களிலும் வயல் வரம்புகளிலும் மஞ்சள் நிற மரப் பெருக்கற்குறிகள் நடப்பட்டன. மக்கள் தண்டவாளத்தில் அமர்ந்தனர். கமக்காரர் உழவு இயந்திரங்களை வீதிக்குக் குறுக்கே நிறுத்தினர். கொங்கிறீற்றுக் கூம்புகளிலே தம் கைகளைப் பூட்டிக்கொண்டனர். எதிர்ப்பு என்றும் அமைதியாகவே நடந்தது எனக் கூறுதல் பொருந்தாது. எல்லை மீறல்கள் இரு பக்கத்திலும் நேர்ந்தன. 2004 நவம்பர் 7 ஆம் திகதி, பிரான்சின் எல்லைக்குள் தண்டவாளத்தில் இருந்த ஓர் இளைஞர் அப்புகையிரதம் மோதி இறந்தார். 1995 முதல் 2011 வரை 13 தடவை கழிவு வந்தது. இறுதித் தடவை லா ஹேக்கிலிருந்து மண்டபம் வந்து சேர ஐந்து நாள்களுக்கு மேல் எடுத்தது.

இதற்கிடையில் 1998 இல் மற்றொரு செய்தி வெளியாயிற்று. சில கொள்கலன்களின் வெளிப்புறத்திலே அனுமதிக்கப்பட்ட அளவை மிஞ்சிய கதிர்த்தொழிற்பாட்டு மாசு படிந்திருந்தது. தொழிற்றுறையினர் இதனை ஆண்டுக்கணக்காக அறிந்தும் அரசுக்கு அறிவிக்கவில்லை. அப்போது சுற்றாடல் அமைச்சராக இருந்த அங்கேலா மேர்க்கல் கழிவுப் பயணங்களை நிறுத்தினார். 2001 வரை அவை நடைபெறவில்லை. அந்த மாசினால் விளையக்கூடிய தீங்கு சிறிதே என்று கூறப்பட்டது. ஆனால் தீங்கின் அளவு வேறு, மறைத்தலின் அளவு வேறு. ஒரு ஊரின் நம்பிக்கையை அளக்கும் கருவியில் இரண்டாவதே பெரிய எண்ணாகப் பதியும்.

இவ்விடத்தில் எதிர்த்தரப்பின் குற்றச்சாட்டையும் நேர்மையோடு நோக்குதல் வேண்டும். மின்விளக்கு எல்லார்க்கும் வேண்டும். அதன் கழிவு மட்டும் தன் ஊருக்கு வேண்டாம் என்பது தன்னலம் அன்றோ? தன் முற்றத்துக் குப்பையை அயலானின் வேலிக்கப்பால் தள்ளுவதற்கும் இதற்கும் வேறுபாடு என்ன? கோர்லேபன் மறுத்தாற் கழிவு மறைந்துவிடாது. வேறோர் ஊரின் தலையில் விழும். அவ்வூரார் வலிமையற்றோராய் இருப்பின் அநீதி இரட்டிக்கும். இக்கேள்விக்கு வென்ட்லாண்ட் மக்கள் கொடுத்த பதில் இரண்டு பகுதிகளை உடையது. முதலாவது, வீட்டில் நீர் நிரம்பும்போது முதலிற் குழாயை மூட வேண்டும், பின்னர் நீரை எங்கே ஊற்றுவது என்று யோசிக்கலாம். ஆகவே உலைகளை மூடுக என்பது. இரண்டாவது, எங்கள் ஊர் நல்லதா என்று மட்டும் கேட்காதீர்கள், நாட்டின் எல்லா இடங்களையும் ஒரே அளவுகோலால் அளந்து, எது சிறந்தது என்று கேளுங்கள் என்பது. முதற் பதில் அரசியல். அதனை ஏற்போரும் மறுப்போரும் இருப்பர். இரண்டாவது பதில் விஞ்ஞானம். ஒன்றையே எடுத்துவைத்து அது சிறந்தது என்று சொல்லுதல் எந்த ஆய்வு முறைக்கும் ஒவ்வாதது. பல்கலைக்கழகத்தார் ஊராருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பாடத்தை ஊரார் அரசுக்குச் சொன்னார்கள்.

பின்லாந்தின் வரலாறு இதற்கு ஒப்பீடாகத் தக்கது. அந்நாட்டின் சட்டம் புதைகுழி அமையும் ஊர்ச்சபைக்கு வேண்டாம் என்று சொல்லும் அதிகாரத்தை வழங்கியிருந்தது. பல இடங்கள் ஆராயப்பட்டன. 2000 ஆம் ஆண்டு யூரயோக்கி ஊர்ச்சபை வாக்கெடுத்து, 20 பேர் சார்பாகவும் 7 பேர் எதிராகவும் வாக்களிக்கத் திட்டத்தை ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டு பாராளுமன்றமும் இசைந்தது. அங்கே ஒங்கலோ என்னும் சுரங்கம் கரும்பாறையில் 400 மீற்றருக்கும் கீழே அமைந்தது. யூரயோக்கியில் முன்னரே அணு உலைகள் இருந்தன. அவற்றால் தொழிலும் வரி வருவாயும் கிடைத்தன. ஆதலால் இரண்டு ஊர்களும் ஒன்றல்ல என்பது உண்மை. ஆயினும் மறுக்கும் உரிமை உடையவனின் சம்மதம் மட்டுமே சம்மதம் எனத்தக்கது. கோர்லேபன் மக்களுக்கு அந்த உரிமை ஏட்டில் இல்லாமையால், அதனை அவர்கள் வீதியிலே உழவு இயந்திரங்களால் எழுத நேர்ந்தது.

ஈற்றிலே ஜேர்மன் அரசும் அப்பாடத்தை ஏற்றது. 2013 ஆம் ஆண்டு நிறைவேறிய சட்டம், இதுவரை நடந்ததை ஒருபுறம் வைத்து, நாடு முழுவதையும் வெள்ளைத் தாளாகக் கொண்டு புதிதாகத் தேடுமாறு பணித்தது. 2020 செப்ரெம்பர் 28 ஆம் திகதி அத்தேடலின் முதல் அறிக்கை வெளியாயிற்று. நாட்டின் நிலப்பரப்பிற் பாதிக்கும் மேற்பட்ட பகுதியை அடக்கிய 90 பிரதேசங்கள் மேலும் ஆராயத்தக்கவை எனக் கூறப்பட்டன. அவற்றுள் கோர்லேபன் இல்லை. உப்பின் மேலுள்ள படைகளின் குறைபாடும் அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. டுவ்போர்ன் கூறியதும், கமக்காரர் இரவுக் கூட்டங்களிற் படித்ததும், நாற்பதாண்டு கழித்து அரச நிறுவனத்தின் ஏட்டிலே இடம்பெற்றன. 2021 இல் சுரங்கத்தை நிரந்தரமாக மூடும் முடிவு அறிவிக்கப்பட்டது. நாற்பது ஆண்டுகளில் நூற்றறுபது கோடி யூரோ அளவில் அதற்குச் செலவாகியிருந்தது.

வென்ட்லாண்டில் அன்று கண்ணீரும் கொண்டாட்டமும் கலந்திருந்தன. ஆனால் இக்கதை வெற்றி விழாவோடு முடிவதற்கில்லை. உருளைக்கிழங்குக் கொட்டகையுள் 113 கொள்கலன்கள் இன்னும் நிற்கின்றன. அம்மண்டபத்துக்கான அனுமதி 2034 இல் முடிவடைகின்றது. புதிய இடத்தை 2031 இல் தெரிவு செய்வதே சட்டத்தின் நோக்கமாய் இருந்தது. அது இயலாது என்பது பின்னர் வெளிப்பட்டது. தெரிவு 2074 வரை செல்லக்கூடும் என, மேற்பார்வைக்குரிய மத்திய அலுவலகத்துக்காக 2024 இல் செய்யப்பட்ட ஆய்வொன்று மதிப்பிட்டது. நாட்டின் இறுதி மூன்று உலைகளும் 2023 ஏப்ரில் 15 ஆம் திகதி மூடப்பட்டுவிட்டன. குழாய் மூடப்பட்டது, நீர் வீட்டிலேயே நிற்கின்றது. நாளை வேறோர் ஊரின் பெயர் அறிவிக்கப்படும்போது, அங்கும் மஞ்சட் குறிகள் நடப்படலாம். அன்று வென்ட்லாண்ட் மக்கள் என்ன சொல்வார்கள் என்பதே அவர்கள் போராட்டத்தின் உண்மையான உரைகல். எங்களுக்கு வேண்டாம் என்பதோடு நின்றிருந்தால் அது ஓர் ஊரின் தப்பிப் பிழைத்தல். கேட்டுச் செய்யுங்கள், ஒப்பிட்டுச் செய்யுங்கள், மறைக்காது செய்யுங்கள் என்று அவர்கள் சொன்னது மெய்யாயின், அவ்வாறு செய்யப்பட்ட தெரிவுக்குத் துணைநிற்கும் கடமையும் அவர்களைச் சாரும். எதிர்ப்பின் உரிமையை வென்றவர் அதன் பாரத்தையும் சேர்த்தே வெல்கின்றார்.

வழக்கொழிந்த வென்ட் மொழியின் நினைவு இவ்விடத்தில் மீள்கின்றது. பூமியின் ஆழத்திலே பூதம் கிடக்கின்றது, தோண்டாதே என்று வருங்காலத்தவருக்கு எம்மொழியில் எழுதி வைப்பது என்பது அணுக்கழிவு அறிஞரை நெடுங்காலமாக மலைக்க வைக்கும் பிரச்சினை. வென்ட்லாண்ட் மக்கள் இதனை நூலிற் படித்து அறிய வேண்டியதில்லை. அவர்களுடைய கிராமங்களின் பெயர்கள் பல, முந்நூறாண்டுக்கு முன் தம் முன்னோர் பேசி இன்று எவரும் பேசாத மொழியில் அமைந்தவை. பெயர் நிற்கின்றது, பொருளை அறிய அகராதி வேண்டியிருக்கின்றது. முந்நூறாண்டில் ஒரு மொழி மடிந்த மண்ணிலே பத்து இலட்சம் ஆண்டு நிலைக்கும் உறுதிமொழியைக் கேட்டபோது, அம்மக்கள் இலகுவில் நம்பவில்லை என்பது பேதைமை அன்று.

2024 ஆம் ஆண்டின் இறுதியிலே கோர்லேபன் சுரங்கத்தை நிரப்பும் வேலை தொடங்கியது. முப்பதாண்டுக்கு மேலாகச் சுரங்க வாயிலருகே வெண்மலைபோலக் குவிந்து கிடந்த உப்பு, அது வந்த இருளுக்கே திரும்பிப் போகலாயிற்று. சற்றுத் தூரத்தில் மண்டபம் நிற்கின்றது. அதனுள்ளே 113 கொள்கலன்கள் தம் வெப்பத்தை மெல்ல வெளிவிட்டபடி, இன்னும் பெயர் சூட்டப்படாத ஓர் ஊருக்காகக் காத்திருக்கின்றன.